மீள்வரிசையின் ஓரத்தில் உடையும் நிறமூர்த்தம்: கண்டிடா அல்பிகன்ஸை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்டின் பெயரே ஒரு மீள்வரிசைதான், சொன்னதையே திரும்பச் சொல்வது. லத்தீனில் 'கண்டிடா' என்றாலும் வெள்ளை, 'அல்பிகன்ஸ்' என்றாலும் வெளுப்பது. நம்மவர் 'கேட்டு வாசல்' என்று சொல்வது மாதிரி. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மதுவத்தின் டிஎன்ஏயைத் திறந்து பார்த்தால் அங்கேயும் சொன்னதையே சொல்லும் பகுதிகள் நிறைய. நிறமூர்த்தங்கள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் உடைகின்றன, ஒட்டுகின்றன, இரட்டிக்கின்றன.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். இலங்கைப் பாடநூல்களில் ஈஸ்ட் 'மதுவம்', குரோமோசோம் 'நிறமூர்த்தம்', ஃபங்கஸ் 'பங்கசு'. உயர்தரத்தில் உயிரியல் தமிழில் படித்த பழக்கத்தில் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தியத் தமிழில் படித்தவர்கள் குரோமோசோம் என்று வாசித்துக்கொள்ளலாம்.

கொழும்பில் இறுதியாண்டு ஆய்வுக்கு இந்த மதுவத்தை எடுக்கும் தம்பி தங்கைமார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளிலிருந்து வந்தது இந்த வழிகாட்டி. பாதி வேலைக்கு ஆய்வுகூடம் வேண்டும். மீதிப் பாதியை வெள்ளவத்தையில் அறைக்குள் இருந்தபடியே, இரவு நேர டேட்டாவில் கோப்புகளை இறக்கி, மடிக்கணினியில் செய்யலாம்.

தொடங்குமுன்

நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் இந்த மதுவம் சும்மா குடியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் இரத்தத்துக்குள் நுழைந்தால் ஆளைக் கொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில், மிக முக்கியமான முதற் குழுவில் உள்ள நான்கில் இதுவும் ஒன்று. ஆகவே இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஒழுங்குகள் உள்ள ஆய்வுகூடத்தில் மட்டும் கையாளுங்கள். நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், வளர்ப்புத் தட்டு பிறகு. அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், விண்ணப்பத்தை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.

படி 1: எட்டுப் பேரையும் முகம் தெரிந்துகொள்ளுங்கள்

பாணை, அதாவது ரொட்டியை, உப்பவைக்கும் மதுவத்துக்கு 16 நிறமூர்த்தங்கள். சூன் பாண் ஓட்டோ கொண்டுவருவது அதன் கைவண்ணம். நம் ஆளுக்கு எட்டுத்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. அதாவது சாதாரணமாக இது இருமடியம்.

ஏழு நிறமூர்த்தங்களுக்கு 1 முதல் 7 வரை எண். எட்டாவதற்கு 'ஆர்' என்று பெயர், ரைபோசோம் ஆர்என்ஏக்கான டிஎன்ஏ அதில் இருப்பதால். நீளத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள், பின்னால் ஜெல் பார்க்கும்போது உதவும். டிஎன்ஏயின் ஏ, டி, ஜி, சி ஒவ்வொன்றையும் ஓர் எழுத்து என்று எண்ணினால், 1ஆவது சுமார் 32 இலட்சம் எழுத்துகள். ஆர் 23 இலட்சம், 2ஆவது 22, 3ஆவது 18, 4ஆவது 16, 5ஆவது 12, 6ஆவது 10, 7ஆவது 9.5 இலட்சம். ஒரு பிரதிக்குக் கூட்டினால் ஏறத்தாழ 1 கோடியே 43 இலட்சம்.

இந்த அளவுகள் எஸ்சி5314 என்ற ஒரு குலவகையுடையவை (ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயின்). உலகம் முழுவதும் ஒப்பீட்டுக்கு அதைத்தான் வைக்கிறார்கள். அதன் இருமடிய வரிசை 2004இல் வெளிவந்தது. இரு பிரதிகளையும் ஏ, பி என்று தனித்தனியாகப் பிரித்த 22ஆம் பதிப்பு 2013இல் வந்தது. கண்டிடா ஜீனோம் டேட்டாபேஸ் என்ற தளத்தில் இலவசமாக இறக்கலாம். அந்தப் பதிப்பைத்தான் எடுங்கள். பழைய 19ஆம் பதிப்பு துண்டு துண்டாக இருக்கும், நமக்கு வேண்டிய மீள்வரிசைகள்தான் அதில் முதலில் அறுந்துபோயிருக்கும்.

படி 2: மீள்வரிசைகளைக் குடும்பம் குடும்பமாக அறியுங்கள்

தமிழ் இலக்கணத்தில் அடுக்குத்தொடர் படித்திருப்பீர்கள். 'பாம்பு பாம்பு', 'வருக வருக வருக'. ஒரே சொல் பக்கத்தில் பக்கத்தில் வரும், இரண்டும் வரலாம் நான்கும் வரலாம். டிஎன்ஏயில் இதே மாதிரி அடுத்தடுத்து வருவதை அடுக்கு மீள்வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை, ஒரே பகுதி வெகுதூரம் தள்ளி, சிலவேளை வேறு நிறமூர்த்தத்திலேயே, இன்னொரு முறை தலைகாட்டுவது. இது சிதறிய மீள்வரிசை.

இந்த மதுவத்தின் தனி முத்திரை, பெரிய மீள்வரிசை எனப்படும் எம்ஆர்எஸ். மரபணுத்தொகுதியின் (ஜீனோமின்) ஒரு பிரதியில் ஒன்பது இடங்களில் முழுதாக இருக்கிறது, மொத்தத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை பிடித்துக்கொள்கிறது. இந்த மதுவத்தையும் இதன் நெருங்கிய உறவான கண்டிடா டப்ளினியென்சிஸையும் விட்டால் வேறெந்த இனத்திலும் இல்லை. 3ஆவது நிறமூர்த்தத்தில் மட்டும் முழு எம்ஆர்எஸ் கிடையாது.

அதன் அமைப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோட்டையிலிருந்து புறப்படும் ரயில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஆர்பி2 என்ற துண்டு, மறு முனையில் எச்ஓகே என்ற துண்டு. நடுவில் ஆர்பிஎஸ் என்ற பெட்டிகள், ஒவ்வொன்றும் 2,000 எழுத்துக்குச் சற்று மேல். முனைகள் அப்படியே இருக்க, பெட்டிகளின் எண்ணிக்கைதான் குலவகைக்குக் குலவகை மாறும். ஒரே கலத்தில் (செல்லில்) ஏ பிரதியில் குறைவாகவும் பி பிரதியில் கூடவும் இருக்கலாம். பத்துப் பெட்டி கூடினால் நிறமூர்த்தம் 20,000 எழுத்துக்கு மேல் நீண்டுவிடும், ஒரு மரபணுகூட மாறாமல்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஒரே நிறமூர்த்தத்தின் இரு பிரதிகளில் எம்ஆர்எஸ் நீளமாக உள்ள பிரதிதான் அதிகம் தொலைந்துபோகிறது என்று 2005இல் காட்டினார்கள். பெட்டி கூடிய ரயில் தடம் புரள்கிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். ஏன் அப்படி என்பதற்கு அது விளக்கம் ஆகாது, ஞாபகம் வைக்க உதவும், அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். நிறமூர்த்த முனைகளில் 23 எழுத்து அலகு ஒன்று திரும்பத் திரும்ப வரும். முனைகளுக்குச் சற்று உள்ளே டிஎல்ஓ என்ற மரபணுக் குடும்பம், எஸ்சி5314இல் 14 உறுப்பினர். டப்ளினியென்சிஸில் இரண்டே இரண்டு. கலம் நம் திசுக்களில் ஒட்டிக்கொள்ள உதவும் ஏஎல்எஸ் மரபணுக்கள் எட்டு. அவற்றுக்குள்ளேயே 108 எழுத்து அடுக்கு உண்டு, அதாவது 36 அமினோ அமிலம். அடுக்கு எத்தனை முறை என்பது எதிருருக்கு எதிருரு, அதாவது ஒரே மரபணுவின் வடிவத்துக்கு வடிவம், வித்தியாசம். ஆர் நிறமூர்த்தத்தில் ரைபோசோம் அலகு, ஒன்று சுமார் 12,000 எழுத்து, வரிசையாகப் பல பத்துக் கணக்கில். இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளும் உண்டு, அவற்றில் ஒன்றுக்கு 'ஸோரோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மையப்பாத்தைப் (சென்ட்ரோமியர்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தைப் பிடித்து இழுக்கும் இடம் அது, அதன் இரு பக்கமும் உள்ளவை நிறமூர்த்தத்தின் இடது கை, வலது கை. பாண் மதுவத்தின் மையப்பாத்து சுமார் 125 எழுத்து, எல்லா நிறமூர்த்தத்திலும் ஒரே சாயல். அல்பிகன்ஸில் அது 3,000 முதல் 5,000 எழுத்து வரை நீளும் பகுதி, எட்டிலும் எட்டு விதமான வரிசை. கௌஸ்துவ் சன்யால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் இதைக் காட்டினார்கள். ஆனால் 5ஆவதன் மையப்பாத்துக்கு இரு பக்கமும் ஒரு தலைகீழ் மீள்வரிசை காவல் நிற்கிறது. அதை மறக்காதீர்கள், ஏழாம் படியில் அதுதான் கதாநாயகன்.

தலைகீழ் என்றதும் 'விகடகவி' ஞாபகம் வரும். அது இல்லை. 'ஏ ஜி ஜி டி சி' என்பதன் தலைகீழ் மீள்வரிசையை வெறுமனே பின்னாலிருந்து எழுதினால் தப்பு. ஏக்கு டி, ஜிக்கு சி என்று சோடி மாற்றிவிட்டுப் பின்னாலிருந்து வாசிக்க வேண்டும்: 'ஜி ஏ சி சி டி'. எதிர் இழையில் நின்று பார்த்தால் அது முதல் வரிசையே. இந்த இடத்தில் வழுக்கி விழாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒருமுறை தாளில் கையால் எழுதிப் பாருங்கள்.

படி 3: மடிக்கணினியில் நீங்களே தேடுங்கள்

பிறர் தந்த பட்டியலை வைத்தும் வேலை செய்யலாம். ஆனால் ஒருமுறையாவது நீங்களே தேடினால்தான் கை பழகும். மரபணுத்தொகுதியை அதனோடேயே ஒப்பிட வேண்டும். இதற்கு மம்மர் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. சங்கத் தமிழில் மம்மர் என்றால் மயக்கம், முதல் நாள் அது மிகப் பொருத்தமான பெயராகத் தெரியும். அதில் நியூக்மர் என்ற நிரலை எடுங்கள். வரிசையை இரண்டு முறை கொடுங்கள், ஒப்பிடுவதும் அதுவே, ஒப்பிடப்படுவதும் அதுவே. 'மேக்ஸ்மேட்ச்', 'நோசிம்ப்ளிஃபை' என்ற இரு தெரிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் நிரல் மீள்வரிசைகளைத் தேவையற்றவை என்று தானே கழித்துவிடும்.

கிடைக்கும் விடையில் மூன்று வேலை. ஒன்று, ஒரு இடம் தன்னோடு தானே பொருந்துவதை நீக்குங்கள். இரண்டு, ஒவ்வொரு சோடியும் இரு முறை வரும், ஒன்றை எடுத்துவிடுங்கள். மூன்று, நீள வரம்பு வையுங்கள். ரொபர்ட் டொட், அன்னா செல்மெக்கி முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நிறமூர்த்த மாற்றங்களோடு சேர்ந்துவரும் மீள்வரிசைகள் 65 முதல் 6,499 எழுத்து வரை நீளம் என்றது. ஆகவே 65க்குக் கீழே போக வேண்டாம்.

என் முதல் முயற்சியில் ஏ, பி இரண்டு பிரதிகளையும் ஒரே கோப்பில் வைத்து ஓடவிட்டேன். இரவு முழுவதும் ஓடியது. காலையில் பார்த்தால் மரபணுத்தொகுதி முழுவதுமே மீள்வரிசை! பின்னே? ஒவ்வொரு எழுத்துக்கும் பி பிரதியில் அண்ணன் தம்பி இருக்கிறதே. ஏ பிரதியை மட்டும் கொடுங்கள்.

படி 4: தனிக் கொலனி, குறைந்த மறுநடுகை

முதலில் ஆள் சரியா என்று உறுதிசெய்யுங்கள். சீரத்தில் 37 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் முளைக்குழாய் விடும். ஆனால் டப்ளினியென்சிஸும் விடும். 45 பாகையில் வைத்துப் பாருங்கள், அல்பிகன்ஸ் வளரும், மற்றது பெரும்பாலும் வளராது.

பிறகு தனிக் கொலனி ஒன்றை எடுத்து, வளர்த்து, அன்றைக்கே கிளிசரோலில் கலந்து மறை 80 பாகையில் போட்டுவிடுங்கள். கூடுதல் நிறமூர்த்தம் சுமக்கும் கலங்கள், அந்தச் சுமைக்குக் காரணமான மருந்தோ நெருக்கடியோ இல்லாத ஊடகத்தில் வளரும்போது அதை எளிதாகத் தொலைத்துவிடும். நீங்கள் பத்துத் தடவை மறுநடுகை செய்துவிட்டு (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்துவிட்டு) 'மாற்றம் ஒன்றுமில்லை' என்று எழுதினால், அது உங்கள் தட்டின் வரலாறு, நோயாளியின் மதுவத்தினுடையது அல்ல. நம் ஊர் வெக்கையில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மேசையில் மறந்துவிட்டுப்போன தட்டு திங்கள் வரை வளர்ந்துகொண்டேயிருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் கவனம் வேண்டும். சில ஊடகங்கள் தாமே நிறமூர்த்த மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும். எல்-சோர்போஸ் மட்டுமே சர்க்கரையாக உள்ள ஊடகத்தில், 5ஆவதன் ஒரு பிரதியைத் தொலைத்த கலங்கள் வளரும் என்பது 1998இலேயே தெரிந்தது. எந்த ஊடகத்தில் எத்தனை நாள் என்று குறிப்பேட்டில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 5: ஜெல்லில் பிரித்துப் பாருங்கள்

சாதாரண ஜெல்லில் இலட்சக்கணக்கான எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ பிரியாது. மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கும் துடிப்புப் புல முறை வேண்டும். கலங்களை அகரோஸ் கட்டிக்குள் வைத்து, உள்ளேயே சுவரைக் கரைத்து, புரதத்தை நீக்கி, கட்டியோடு குழிக்குள் வைப்பார்கள். டிஎன்ஏ உடையாமலிருக்க அதுதான் வழி. ஓட்டம் இரண்டு நாள்கூட எடுக்கும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் எனது ஜெல் ஒன்று குளிரூட்டியும் நின்று, துடிப்பும் நின்று, நடுவழியில் செத்தது. இன்றும் ஓட்டத்துக்கு முன் மின்பிறப்பாக்கி எங்கே இணைந்திருக்கிறது, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டியை வைப்பேன். நீங்களும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஜெல்லிலும் எஸ்சி5314ஐ ஒரு தடத்தில் வையுங்கள். அதைப் பார்த்துத்தான் மற்றதை வாசிக்க வேண்டும்.

"அக்கா, இந்த ஆர் பட்டை மட்டும் ஏன் மங்கலாக் கிடக்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். கலத்துக்குக் கலம் ரைபோசோம் அலகுகளின் எண்ணிக்கை மாறுவதால் அந்த நிறமூர்த்தத்துக்கு ஒரே நீளம் இல்லை. ஓட்டத்தில் பிழை என்று நினைத்துத் திரும்ப ஓடவிட வேண்டாம். அதேபோல ஒரு நிறமூர்த்தத்துக்கு இரண்டு பட்டை தெரிந்தால் உடனே 'புதிய நிறமூர்த்தம்' என்று துள்ளாதீர்கள். ஏ, பி பிரதிகளில் ஆர்பிஎஸ் பெட்டிகள் வேறுபட்டாலும் அப்படித்தான் தெரியும்.

ஜெல் காட்டாதது என்ன? ட்ரைசோமி. 7ஆவது இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், பட்டை சற்றுத் தடிப்பாகும், அதைக் கண்ணால் நம்ப முடியாது. ஆகவே அடுத்த படி.

படி 6: வாசிப்பு ஆழத்தை எண்ணுங்கள்

வரிசைப்படுத்தும் இயந்திரம் மரபணுத்தொகுதியைச் சின்னச் சின்ன வாசிப்புகளாகத் தரும். அவற்றை எஸ்சி5314 மேல் பொருத்தி, ஒவ்வொரு 5,000 எழுத்துச் சாளரத்திலும் சராசரி ஆழம், அதாவது ஓர் எழுத்தின் மேல் எத்தனை வாசிப்பு விழுந்தது என்று, பாருங்கள். பிடபிள்யூஏ, சாம்டூல்ஸ் என்ற நிரல்கள் இரண்டும் போதும். படமாகப் பார்க்க, ஜூடித் பெர்மன் குழு 2014இல் வெளியிட்ட ஒய்மேப் என்ற கருவி இந்த இனத்துக்கென்றே பழகியது.

எண்களோடு பார்ப்போம். பெரும்பாலான இடங்களில் ஆழம் 60 என்று வையுங்கள், அதை இரண்டு பிரதி என்று எடுக்கிறோம். 7ஆவது முழுக்க 90 என்றால் மூன்று பிரதி, ட்ரைசோமி. 5ஆவதில் இடது கை 120, வலது கை 60 என்றால் இடது கை மட்டும் நான்கு பிரதி.

இரு பிரதிகளுக்கும் இடையே எழுத்து வேறுபடும் இடங்களில் விகிதத்தையும் பாருங்கள். சாதாரண இருமடியத்தில் 50க்கு 50. ட்ரைசோமியில் 67க்கு 33. ஒரு நீண்ட பகுதி முழுக்க 100க்கு 0 என்றால், ஆழம் மாறாவிட்டாலும் அங்கே ஒரு பிரதி மற்றதை எழுதி அழித்துவிட்டது. ஆங்கிலச் சுருக்கத்தில் இதை எல்ஓஎச் என்பார்கள். ஆழத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

இப்போது பொறி. 5ஆவது முழுக்க 75 வந்தால்? இரண்டரைப் பிரதி. பாதிக் கலங்களில் ட்ரைசோமி, பாதியில் இல்லை என்று ஒரு விளக்கம். கலம் நான்மடியமாகி (எல்லாம் நான்கு பிரதியாகி), 5ஆவது மட்டும் ஐந்து பிரதி என்பது இன்னொன்று. ஃபுளூகோனசோல் என்ற பங்கசு எதிர்ப்பு மருந்து பட்ட கலங்கள் நான்மடியமாவது நடப்பதுதான், ஆகவே இரண்டாவதை ஒதுக்கிவிட முடியாது. எழுத்து விகிதம் தீர்த்துவைக்குமா என்றால் இல்லை. இரண்டிலும் 60க்கு 40தான் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசைப்படுத்தல் ஒப்பீட்டளவைத்தான் சொல்லும், மொத்த டிஎன்ஏ எவ்வளவு என்று சொல்லாது. அதற்குக் கலங்களைச் சாயமிட்டு ஃப்ளோ சைட்டோமீற்றரில் அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'ட்ரைசோமி' என்று எழுதிய அறிக்கையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இன்னும் இரண்டு ஏமாற்று. சில டிஎன்ஏ தயாரிப்புகளில் எல்லா நிறமூர்த்தத்திலும் முனைகளை நோக்கி ஆழம் மெல்லக் கூடும், வரைபடம் சிரிக்கிற வாய் மாதிரி வளையும். அது உயிரியல் இல்லை, தயாரிப்பின் கோளாறு, திருத்திவிடுங்கள். மற்றது மீள்வரிசைகளே. ஒரு சின்ன வாசிப்பு எம்ஆர்எஸ்ஸுக்குள் விழுந்தால் ஒன்பது இடத்தில் எதற்குச் சொந்தம் என்று நிரலுக்குத் தெரியாது, பொருத்தத் தரம் பூச்சியம் என்று குறிக்கும். தரம் குறைந்ததை வடிகட்டினால் அங்கே பள்ளம் விழும். வடிகட்டாவிட்டால், ஒப்பீட்டு வரிசையில் எழுதியிருப்பதைவிட உங்கள் குலவகையில் பெட்டிகள் கூடுதலாக இருக்கும் இடத்தில் மலை எழும். பள்ளமும் மலையும் எரிச்சல் தருவதால் பலர் மீள்வரிசைகளை மறைத்துவிட்டே பகுப்பாய்வு செய்கிறார்கள். படம் அழகாக வரும். ஆனால் தேடிவந்த பொருளையே குப்பையில் கொட்டிவிட்டார்கள். மறைக்காத ஒரு பிரதியையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

படி 7: ஓரத்துக்குப் போங்கள்

இத்தனை நேரம் 'எத்தனை பிரதி' என்று எண்ணினோம். எனக்கு அதைவிட முக்கியம், ஆழம் எந்த இடத்தில் மாறுகிறது என்பது. 60 ஆக இருந்தது எந்த எழுத்தருகே 120 ஆனது? 5,000 சாளரத்தை 500 ஆக்கிப் பாருங்கள். அந்த இடத்தைப் படி 3இல் செய்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். அங்கே மீள்வரிசை இருக்கிறதா? இருந்தால் அதன் சோடி எங்கே? ஒரே திசையா, தலைகீழா?

திசைதான் பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கும். ஒரே நிறமூர்த்தத்தில் ஒரே திசையில் உள்ள சோடி சேர்ந்தால் இடையிலுள்ளது நீங்கும் அல்லது இரட்டிக்கும். தலைகீழ்ச் சோடி சேர்ந்தால் இடைப்பகுதி புரளும். வேறு வேறு நிறமூர்த்தத்தில் உள்ளவை சேர்ந்தால் கைமாற்றம். 2019 ஆய்வில் மாற்றங்களோடு வந்த சோடிகள் பெரும்பாலும் தலைகீழானவை, அவற்றுக்கு இடையே 16 இலட்சம் எழுத்து வரை தூரம். மதுவம் ஒன்றில் இவ்வளவு தூரத்திலுள்ள இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தேடிப்பிடிப்பது அசாதாரணம்.

இனி அந்த 120க்கு 60 உதாரணம். ஓரம் சரியாக 5ஆவதன் மையப்பாத்தில் விழுந்தால், அது 2006இல் செல்மெக்கி, ஃபோர்ஷ், பெர்மன் காட்டிய ஐசோகுரோமோசோமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இரண்டு இடது கைகள் மையப்பாத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய ஒரு நிறமூர்த்தம் அது. படி 2இல் சொன்ன காவல்காரர்களை நினையுங்கள். மையப்பாத்தின் இரு பக்கத் தலைகீழ் வரிசைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், வலது பக்கம் உடைந்த துண்டைப் பழுதுபார்க்கும்போது கலம் இடது பக்கத்தைப் பார்த்து எழுதிவிட முடியும். விளைவு, வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு இடது கை. சாதாரண 5ஆவது இரண்டோடு இது சேர்ந்தால் இடது கை நான்கு, வலது கை இரண்டு. புதிய துண்டின் இரு கைகளும் ஒரே பிரதியிலிருந்து வந்திருந்தால் எழுத்து விகிதம் 75க்கு 25. ஜெல்லில் இது 7ஆவதன் அருகே கூடுதல் பட்டையாக வரும். அங்கே நெருக்கம் அதிகம், 5ஆவதன் இடது கைக்கான தேடுதுண்டால் (அந்தப் பகுதியோடு மட்டும் ஒட்டும் டிஎன்ஏத் துண்டால்) உறுதிசெய்யுங்கள்.

ஆழம் மாறாத புரளலைப் பிசிஆரால், அதாவது குறித்த டிஎன்ஏத் துண்டை மட்டும் பெருக்கும் முறையால், பிடிக்கலாம். இடது ஓரத்தின் இரு பக்கமும் க, ங என்ற தொடக்கிகள் (பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சின்ன டிஎன்ஏத் துண்டுகள்), வலது ஓரத்தின் இரு பக்கமும் ச, ஞ. சாதாரண நிலையில் க-ங, ச-ஞ சோடிகள் விளைபொருள் தரும். புரண்டிருந்தால் க-ச, ங-ஞ தரும். ஒரு பிரதி மட்டும் புரண்டிருந்தால் நான்கும் வரும், கலப்படம் என்று பதறாதீர்கள். தொடக்கிகள் மீள்வரிசைக்கு வெளியே, தனித்துவமான இடத்தில் இருக்க வேண்டும். அதனால் மீள்வரிசை 6,000 எழுத்தென்றால் விளைபொருளும் அதைவிட நீளம், நீள் பிசிஆர் நொதியம் வேண்டும்.

இதைவிட நேரான வழி நீள் வாசிப்பு. நானோபோர் என்ற நீள் வாசிப்பு இயந்திரத்தின் வாசிப்பு ஒன்று மீள்வரிசையை முழுதாகக் கடந்து இரு கரையையும் தொட்டுவிட்டால் விவாதமே இல்லை. அதற்கு டிஎன்ஏ நீளமாக வர வேண்டும். பிப்பெற்று நுனியை வெட்டி அகலமாக்குங்கள், வோர்டெக்ஸ் குலுக்கி பக்கமே போகாதீர்கள், குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

படி 8: தற்செயலா என்று பாருங்கள்

மீள்வரிசைகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, எந்த ஓரத்தை எடுத்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கத்தானே செய்யும்? நல்ல பரீட்சகர் இதைத்தான் முதலில் கேட்பார். கணினியை விட்டு மரபணுத்தொகுதியில் 10,000 தடவை எழுந்தமானமாக (ரேண்டமாக) புள்ளிகள் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் உங்கள் ஓரங்கள் எத்தனையோ அத்தனை புள்ளி, ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த மீள்வரிசைக்குத் தூரம். உங்கள் உண்மையான ஓரங்கள் அந்தக் கூட்டத்தைவிட எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று வரையுங்கள். மூன்று ஓரம் மட்டும் இருந்தால் இந்தக் கணக்குக்கு வலுவில்லை, அதை அப்படியே எழுதிவிடுங்கள்.

படி 9: மருந்தோடு சேர்த்து வாசியுங்கள்

ஃபுளூகோனசோல் தாக்கும் புரதத்துக்கான ஈஆர்ஜி11, மருந்தை வெளியே தள்ளும் பம்புகளை இயக்கும் டிஏசி1, இரண்டு மரபணுவும் 5ஆவதன் இடது கையில்தான். அந்தக் கை இரட்டிப்பானால் இரண்டும் கூடுகின்றன. அந்த ஐசோகுரோமோசோம் ஏன் மருந்து கண்ட குலவகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

நீர்ம ஊடகத்தில் மருந்தை இரட்டை மடங்காகக் குறைத்து, 24 மணி நேரத்தில் வளர்ச்சி பாருங்கள். சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்கத் தர நிறுவனத்தின் அளவுகோலில் மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோகிராம் அல்லது குறைவு என்றால் மருந்துக்கு அடங்கும், 8 அல்லது மேலே என்றால் அடங்காது, 4 என்றால் கொடுக்கும் மருந்தளவைப் பொறுத்து அடங்கும்.

ஆனால் கூடுதல் கையும் எதிர்ப்பும் ஒரே குழாயில் இருப்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஈஆர்ஜி11க்குள் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எதிர்ப்பு வரலாம், அதையும் வரிசையில் பாருங்கள். காரணத்தைச் சோதிக்க மலிவான ஒரு வழி உண்டு. உறைந்த குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, மருந்தில்லாத ஊடகத்தில் சில நாள் வளர்த்து, 24 தனிக் கொலனிகளைப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் இடது கையின் பிரதி எண்ணிக்கையை அளவுசார் பிசிஆரால் பாருங்கள், அதே கொலனியின் மருந்து அளவையும் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். கூடுதல் கையைத் தொலைத்த கொலனிகளில் எதிர்ப்பும் சேர்ந்து இறங்கியிருந்தால் அட்டவணை தானே பேசும். இறங்காத ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை வீச வேண்டாம். தனியாகப் பெயரிட்டு மறை 80இல் வைத்துவிட்டு, அவற்றின் ஓரங்களைத் தேட மறுபடி ஏழாம் படிக்குப் போங்கள்.